திரைக்கு வராத திருவொற்றியூர்

1946இல் வடசென்னையின் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் ரப்பருக்கு மாறினார். 1961இல் அதே ஊரில் டயர் உற்பத்தி தொடங்கியது. அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, இன்றைய எம்.ஆர்.எஃப். லாரி ஓட்டுநர்களை மனத்தில் வைத்து விளம்பர மேதை அலிக் பதம்சி 1964இல் ஒரு சின்னத்தை உருவாக்கினார்: தலைக்கு மேல் டயரைத் தூக்கிப் பிடித்த கட்டுடல் மனிதன். அடுத்த தலைமுறைக்கு எம்.ஆர்.எஃப். என்றால் சச்சின் டெண்டுல்கரின் மட்டை. அதற்கும் அடுத்த தலைமுறைக்கு, 2010 ஐ.பி.எல். போட்டிகளில் மைதானத்துக்கு மேலே மிதந்த ஆகாயக் கப்பல். ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடிவதற்குள் அந்த மூன்று எழுத்துகள் நம் கண்ணில் படும் தடவைகளுக்குக் கணக்கில்லை. திருவொற்றியூர் என்ற பெயர் ஒருமுறைகூடக் கண்ணில் படுவதில்லை.

இதே ஊரில்தான் இந்தியப் புல்லட் பிறந்தது. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. இங்கிலாந்தில் 1970இல் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. உலகின் பழைய மோட்டார் சைக்கிள் பெயர்களில் ஒன்று இன்றும் உயிரோடு இருப்பதற்கு இந்த ஊர்த் தொழிலாளியின் கைதான் காரணம். பெட்ரோல் டேங்கின் மேல் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்த கலைஞர்கள் இந்த ஆலைக்காரர்கள். ஆனால் விளம்பரத்தில் அந்த வண்டி ஓடுவது லடாக்கில். பனிமலை, வெறிச்சோடிய சாலை, தனியாக ஒரு பயணி. வண்டி செய்யப்பட்ட ஊரின் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தச் சாலையில் புல்லட் ஓட்டுபவருக்கு என்ன திறமை வேண்டும் என்பதை எந்த விளம்பரமும் காட்டியதில்லை.

பக்கத்து எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பின்னால் அசோக் லேலண்ட் ஆனது. நாடெங்கும் ஓடிய அரசுப் பேருந்துகள் பலவற்றின் பூர்விகம் அங்கே இருக்கிறது. விம்கோ தீப்பெட்டி ஆலை தன் பெயரை ஒரு ரயில் நிலையத்துக்கும், 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய மெட்ரோ நீட்டிப்பின் கடைசி நிலையத்துக்கும் கொடுத்திருக்கிறது. டயர், தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், லாரி என்று நாட்டின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் பொருள் அனுப்பிய பகுதி இது.

நான் தொலைக்காட்சித் துறையைச் சேர்ந்தவன் அல்ல. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிற லட்சக்கணக்கானவர்களில் ஒருவன். அப்படிப் பார்க்கிறவனுக்கு நாளடைவில் தோன்றிய கேள்வி இது: இங்கே செய்த பொருள் எல்லாம் திரைக்குப் போகிறது. செய்தவரும் செய்த ஊரும் ஏன் போகவில்லை? மறதி என்றோ அலட்சியம் என்றோ இதற்குப் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. பார்வையாளரை எடைபோடும் முறையிலேயே காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், தொலைக்காட்சி இந்தத் தெருக்களுக்கு வந்த வழியைப் பார்த்துவிட வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்றுக்கொண்டது. சாலிடேர், டயனோரா என்ற சென்னைப் பெட்டிகள் அன்று பெரிய பெயர்கள். பெட்டி வாங்கினால் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அதிகம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் அந்த வீட்டின் கூடம், திண்ணை, ஜன்னல் எல்லாம் தலைகளாக இருக்கும். காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட வீடுகளும் உண்டு. கடலுக்குப் போய் வந்தவரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், ஆலையில் ஷிப்ட் முடித்தவரும் ஒரே தரையில் உட்கார்ந்து பார்த்த காலம் அது. அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் ‘வயலும் வாழ்வும்’ எல்லோருக்கும் நினைவிருக்கும். நெல்லுக்கு உரம் போடுவது பற்றி மீனவர் குடும்பங்களும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. கடலுக்கு அப்படி ஊரறிந்த ஒரு நிகழ்ச்சி தமிழர் நினைவில் நிற்கவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இதன் நீட்சியைப் பின்னால் பார்ப்போம்.

1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டி.வி. வந்தது. ராஜ், விஜய், ஜெயா என்று அடுத்தடுத்து வந்தன. மாடிக்கு மாடி கம்பி இழுத்த கேபிள்காரர் தெருவின் முக்கிய மனிதரானார். பணம் வசூலிக்க மாதந்தோறும் வீட்டுக்கு வருகிற, ஒவ்வொரு வீட்டின் கஷ்டத்தையும் தெரிந்து தவணை கொடுக்கிற மனிதர். அவருடைய உள்ளூர் சேனலில்தான் எம்.சி. ரோடு ஜவுளிக்கடையும் பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரும் விளம்பரம் செய்ய முடிந்தது. ஒரு கோயில் திருவிழாவை, ஒரு கால்பந்துப் போட்டியை அவர் வீடியோ எடுத்துப் போட்டார். வடசென்னைக்காரர்கள் தங்கள் தெருவைத் தங்கள் திரையில் பார்த்தது அங்கேதான். செட்டாப் பாக்ஸ் முறையை 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருநகரம் சென்னை. பிறகு எல்லாம் டிஜிட்டல் ஆனது. இந்த மாற்றத்தில் படம் துல்லியமானது. தெரு சேனலுக்கு இருந்த இடம் சுருங்கியது.

இடையில் 2006இல் பெரிய திருப்பம். தி.மு.க. தேர்தல் வாக்குறுதியின்படி அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறித் திட்டம் நிற்கும்வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தேர்தல் அறிக்கையில் தரும் இத்தகைய வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011இல் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. இலவசப் பெட்டியைக் கேலி செய்தவர்கள் பலர். நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த குழந்தை தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தது. அதன் மதிப்பு அந்த ஜன்னலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றே அந்த வீடு பார்வையாளர் சந்தைக்குள்ளும் வந்துவிட்டது. எடைபோடும் முறை அங்கிருந்து தொடங்குகிறது.

ஒரு நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்வது பார்க் என்ற ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு மன்றம். 2015இல் இருந்து அதன் கணக்கு வெளிவருகிறது. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த வீடுகளில் மீட்டர் வைக்கிறார்கள். தொடக்கத்தில் சுமார் 22,000 வீடுகள், பிறகு 55,000. சேனலின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று அறியும். வீட்டில் யார் பார்க்கிறாரோ அவர் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். இதுவரை எனக்குக் குறையில்லை. பல கோடி வீடுகளை மாதிரி எடுத்துத்தான் அளக்க முடியும்.

அந்த வீடுகளை வகை பிரித்த விதத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. 2011இல் விளம்பர, ஊடகத் துறையினர் ஏற்றுக்கொண்ட நுகர்வோர் வகைப்பாடு இரண்டு கேள்விகள் கேட்டது. வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் எதுவரை படித்திருக்கிறார்? பட்டியலில் உள்ள 11 பொருள்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன? மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, இரு சக்கர வண்டி, கலர் டி.வி., ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., கடைசியாக விவசாய நிலம். இந்த இரண்டு பதில்களையும் கட்டத்தில் பொருத்தினால் ஏ1 முதல் இ3 வரை 12 வகுப்புகளில் ஒன்று வந்துவிடும். ஏ, பி வகுப்புப் பார்வையாளர் வேண்டும் என்று கேட்டு நேரம் வாங்குவது விளம்பரத் துறையின் அன்றாட வழக்கம்.

பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். விவசாய நிலம் இருக்கிறது. படகு இல்லை. வலை இல்லை. காசிமேட்டிலோ எண்ணூர் குப்பத்திலோ ஒரு குடும்பத்தின் ஃபைபர் படகும் எஞ்சினும் வலைகளும் சேர்ந்தால் சில லட்சம் ரூபாய் பெறும். அந்தச் சொத்து இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. கடல் நீரோட்டம், காற்று, மீன் போகும் தடம் ஆகியவற்றை முப்பது ஆண்டுகளாகப் படித்த மனிதர், பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவர் என்றால், அந்தக் கட்டத்தில் கீழே போய்விடுகிறார். அவர் வீட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று, வீட்டுச் செலவைத் தீர்மானிக்கிற பெண்ணுடைய கணக்குத் திறமைக்கும் கட்டம் கிடையாது. முதன்மையாகச் சம்பாதிப்பவர் ஒருவர் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. பிடிப்பவரும் விற்பவருமாக இருவர் சேர்ந்து ஓட்டும் குடும்பத்தில் அந்த ஒருவர் யார்?

அரசுக்குப் படகு கண்ணில் படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியபோது, பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பங்களுக்கு 12,500 ரூபாயும் படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தார்கள். தொகை போதுமா என்பது வேறு கேள்வி. நஷ்டத்தை எண்ணும்போது எண்ணப்பட்ட படகு, சொத்தை எண்ணும்போது எண்ணப்படவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்திய சந்தை ஆய்வுச் சங்கம் அண்மை ஆண்டுகளில் புதிய வகைப்பாடு ஒன்றை முன்வைத்திருக்கிறது. அது பொருள் பட்டியலை விட்டுவிட்டு, முதன்மையாகச் சம்பாதிப்பவரின் தொழிலையும் வீட்டில் அதிகம் படித்த ஆண், பெண் இருவரின் கல்வியையும் கேட்கிறது. பெண்ணின் கல்வி கணக்கில் வருவது நல்ல மாற்றம். கடல் அறிவு அதிலும் கல்வி ஆகவில்லை.

விளம்பரங்களுக்கு வருவோம். ஒரு மணி நேர ஒளிபரப்பில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது, அதில் 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்புக்கு என்று கேபிள் விதிகள் சொல்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைக் கண்டிப்பாக்கப் பார்த்தபோது 2013இல் ஒளிபரப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். எத்தனை நிமிடம் என்பதைவிட அந்த நிமிடங்களில் யாருடைய வீடு தெரிகிறது என்பதே என் கவலை.

சிகப்பழகு கிரீமை எடுத்துக்கொள்வோம். ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது 1975இல். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் அதே ஆண்டு. மாநிறப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது. கிரீம் தடவியதும் இரண்டும் கிடைக்கும். இந்தக் கதையைத் தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் வெயிலில் உழைக்கிற ஊர்க்காரர்கள். மீன் காயவைக்கும் பெண்ணும், லோடு இறக்கும் ஆணும், கடலில் பகலெல்லாம் நிற்பவரும் உழைப்பால் பெற்ற நிறத்தைக் குறை என்று ஒரு பெட்டி அவர்கள் வீட்டுக்குள் வந்து தினமும் சொன்னது. கறுத்த நிறத்தவரை வாழ்க்கையில் தோற்றவராகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014இல் விதி வகுத்தது. 2020இல் கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது. அதற்குள் எத்தனை பெண் பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று அழுதார்கள் என்பதற்கு எந்த மீட்டரிலும் பதிவில்லை. இந்திய விளம்பர வரலாற்றில் இதைவிடக் கொடிய காரியம் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விளம்பரத்தில் அம்மா குழாயைத் திறந்ததும் நீர் கொட்டும். நீர் சுத்தமா என்பது மட்டும்தான் அவருடைய கவலை. காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. அப்படியும் வடசென்னையின் பல தெருக்களில் அடிபம்பும் லாரியும் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களும் இன்னும் இருக்கின்றன. குடத்தோடு காத்திருந்துவிட்டு வந்து உட்காரும் பெண் அந்த விளம்பரத்தைப் பார்க்கிறாள். அவளுக்கும் அந்த விளம்பரத்துக்கும் எந்தப் பேச்சும் இல்லை. மின்சாரமும் அப்படித்தான். 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம் எரித்த நிலக்கரி நகரத்தின் பெட்டிகளை ஓட்டியது. 2017இல் அது மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் தொடர்கிறது. அதன் சாம்பல் குழாய்களிலிருந்து ஒழுகியது கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்திருக்கிறது, ஏ.சி. விளம்பரத்தின் குளிர்ச்சிக்குப் பின்னால் அந்தச் சாம்பலும் இருக்கிறது.

சீரியல்களைப் பற்றி நான் கடுமையாகப் பேச விரும்பவில்லை. 1999இல் தொடங்கிய ‘சித்தி’க்குப் பிறகு இரவு நேரம் பெண்களின் நேரமானது. நாளெல்லாம் மற்றவருக்கு உழைத்த பெண் கால் நீட்டி உட்கார அது ஒரு காரணத்தைக் கொடுத்தது. 2002 முதல் 2005 வரை ஓடிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைக் கரையேற்றும் அப்பா இருந்தார், கல்யாணக் கடன், மாமியார் வீட்டுப் பேச்சு, மருமகனிடம் கூசி நிற்பது எல்லாம் பார்ப்பவர் வீட்டிலும் நடந்தவை. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ தொழில் நடத்தும் பெண்ணை மையத்தில் வைத்தது. பின்னால் வந்த பல தொடர்களில் பளிங்குத் தரைக் கூடம் பெரிதாகப் பெரிதாக வேலை மறைந்துபோனது. யார் எங்கே என்ன வேலைக்குப் போகிறார் என்றே தெரியாத மனிதர்கள் பட்டுப்புடவையில் படுக்கப் போகிறார்கள். ஷிப்ட் சங்கு ஊதும் ஊரில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வடசென்னைப் பேச்சு அங்கே வந்தால் வேலைக்காரப் பாத்திரத்தின் வாயிலோ ரவுடியின் வாயிலோதான் வருகிறது.

சினிமா இந்த விஷயத்தில் தொலைக்காட்சியைத் தாண்டிப் போய்விட்டது. ‘மெட்ராஸ்’ 2014இல், ‘வட சென்னை’ 2018இல், ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தன. கத்தியும் ரத்தமும் அவற்றிலும் உண்டு. ஆனால் அந்த மனிதர்களுக்குப் படிப்பும் அரசியலும் விளையாட்டும் பெருமிதமும் இருந்தன. 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல் மேட்டில் நின்று, கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய புறம்போக்குப் பாடலைப் பாடினார். அது யூடியூபில் பரவியது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு 2018இல் கானாவை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் புதியது தொலைக்காட்சிக்கு வெளியிலிருந்துதான் வந்தது.

செய்திச் சேனல்களில் வடசென்னைக்கு மூன்று நேரங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை, அல்லது 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14 நள்ளிரவில் முடியும்போது, காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ என்ன விலை. புயல் வந்தால், மழைக்கோட்டு அணிந்த நிருபர் அலைக்கு முன் நின்று எண்ணூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று சொல்வது. கொலை நடந்தால், சி.சி.டி.வி. காட்சியை வட்டம் போட்டுக் காட்டுவது. இந்த மூன்றிலும் பேசுபவர் வெளியிலிருந்து வந்தவர்.

தொலைக்காட்சி மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதும் இதே கரையில்தான் தெரிந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை ஆட்கள் பிளாஸ்டிக் வாளிகளால் அள்ளும் காட்சி நாடு முழுவதும் போனது. அந்த வாளிக் காட்சி இல்லாமல் இருந்திருந்தால் கசிவின் அளவைக் குறைத்துப் பேசிய ஆரம்ப அறிக்கைகள் அப்படியே நின்றிருக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலைக்குக் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அடுத்த நாள் கேமராக்கள் வந்தன. மக்கள் வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடினார்கள். நான் பார்த்த சேனல்களில் அந்தப் பந்தல் சில நாள்களுக்கு மேல் தெரியவில்லை.

சேனல் நடத்துபவர்களுக்கும் விளம்பரம் எடுப்பவர்களுக்கும் வைக்க என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஆனால் இவை முடியும். கிண்டியிலும் தேனாம்பேட்டையிலும் நிருபர் இருப்பதுபோல் திருவொற்றியூரில் ஒருவரை நிரந்தரமாக வையுங்கள்; முடிந்தால் அந்த ஊரில் வளர்ந்த ஒருவரை. கசிவு நடக்காத நாளிலும் கழிமுகத்தைக் காட்டுங்கள். உங்கள் சீரியலில் ஒரு மகன் கன்டெய்னர் லாரி ஓட்டட்டும், ஒரு மகள் டயர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கட்டும். திருவொற்றியூரில் செய்த பொருளின் விளம்பரத்தைத் திருவொற்றியூரில் ஒருமுறையாவது எடுங்கள். பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் செய்திக்கு வராதபோது சேனலுக்கு எழுதுங்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். மீட்டர் வைத்த வீடு உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். கேட்கும் உரிமை உங்களுடையது.